குளவிக்கும் வெயில் சுடும்

பழவங்காடி என்றாலே இங்கே எல்லோருக்கும் தேங்காய்தான் ஞாபகம் வரும். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். மதராஸ் ரெஜிமென்ட் பராமரிக்கும் பிள்ளையார் கோவில், விடாமல் உடைபடும் சிதறு தேங்காய், சிதறல் கண்ணில் படாமல் விலகிப் போகும் ஜனம். நாலு எட்டு வைத்தால் சாலைக் கடைத்தெரு. அங்கே மரவள்ளிக் கிழங்கு மண்ணோடு குவித்துக் கிடக்கும். இங்கத்துப் பாஷையில் கப்பை அல்லது மரச்சீனி. எங்கள் சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு.

இந்தத் தேங்காயும் இந்தக் கிழங்கும் கடைக்கு வந்து சேருவதில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சில குளவிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தக் குளவிகளுக்கு வெயில் தாங்காது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சுய விளக்கம். நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. பூச்சியியலுக்கும் எனக்கும் உள்ள உறவு சமையலறைக் கரப்பானோடு முடிந்துவிடும். ஆனால் மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து என் மேஜைக்கு வரும் கோப்புகளில் பாதி விவசாயக் கடன். ஊரில் இருந்து வரும் போன்களில் பாதி பயிர்ப் புலம்பல். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

சம்பளம் கேட்காத ஊழியர்கள்

பயிரைத் தின்னும் பூச்சியை இன்னொரு பூச்சியை விட்டு அடக்குவதை உயிரியல் கட்டுப்பாடு என்கிறார்கள். இதில் இரண்டு வகை ஊழியர்கள் உண்டு. ஒன்று, பொறிவண்டு மாதிரி இரையை நேராகக் கடித்துத் தின்பவை. இன்னொன்று ஒட்டுண்ணிக் குளவிகள். இவை இரையின் உடம்பிலோ முட்டையிலோ தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கேட்கக் கொடூரமாக இருக்கலாம். ஆனால் நம் சோற்றுக்குப் பின்னால் நடப்பது இதுதான்.

இந்த வேலைக்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் பூச்சியை எங்கிருந்து கொண்டு வருவது என்று மனிதன் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறான். அது வேலை செய்யுமா இல்லையா என்பதைப் பாதிக்கு மேல் வெயிலே தீர்மானித்துவிடுகிறது.

1795: தவறான சரக்கு, சரியான வேலை

கதை நம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கள்ளிச் செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காய வைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்தச் சாயத்தின் ஏகபோகம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் வளர்த்துக் காத்திருந்தார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்.

வந்தது வேறு சரக்கு. நல்ல சாயம் தரும் இனம் அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவு. சாயம் மட்டம். ஆனால் இந்தப் பூச்சி, வேலிக்காகக் கொண்டு வந்து நாடு முழுக்கப் பரவிக் கிடந்த ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1836 வாக்கில் தெரிந்தே தென்னிந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1865 வாக்கில் இலங்கைக்கும் போனது. ஒரு பூச்சியை வைத்து ஒரு களையை அழித்த முதல் நிகழ்ச்சி என்று உலகப் பாடப் புத்தகங்களில் இடம் பெற்றது இதுதான்.

நம்மூர் சப்பாத்திக்கள்ளியை மட்டும் அது தொடவில்லை. அதற்கு 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு இனத்தைக் கொண்டு வர வேண்டியிருந்தது. திருநெல்வேலிச் சீமையில் புதர் புதராக நின்ற சப்பாத்திக்கள்ளி அடுத்த சில வருடங்களிலேயே சரிந்தது.

இதில் வெயில் எங்கே வருகிறது? இந்தக் கள்ளிப்பூச்சிகளுக்கு அடைமழைதான் எதிரி. மழை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வறண்ட வெயில் அவற்றுக்குச் சௌகரியம். ஆக, முதல் வெற்றியில் நம் வெயில் நம் கட்சியில் இருந்தது. அது எப்போதும் அப்படி இருக்காது என்பது அடுத்த நூற்றாண்டில்தான் தெரிந்தது.

கலிபோர்னியா எலுமிச்சையும் நம்மூர்க் குளவியும்

1888இல் ஆல்பர்ட் கோபெலி என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பத் தொடங்கினார். ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த பஞ்சுச் செதிள் பூச்சி ஓரிரு வருடத்தில் அடங்கியது. அதே செதிள் பூச்சி 1928 வாக்கில் நீலகிரியில் தலைகாட்டியபோது அதே பொறிவண்டை இங்கேயும் கொண்டு வந்தார்கள்.

இந்த வெற்றியால் உலகமே ஒரு முடிவுக்கு வந்தது: சரியான எதிரியைக் கண்டுபிடித்தால் போதும், மீதி தானாக நடக்கும். அந்த நம்பிக்கையை உடைத்தது சிவப்புச் செதிள் பூச்சி என்ற இன்னொரு எலுமிச்சைப் பகை. பால் டிபாக் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 1940களின் கடைசியில் சீனாவிலிருந்து அஃபைட்டிஸ் வகைக் குளவி ஒன்றைக் கொண்டு வந்து விட்டார்கள். கடலோரத் தோட்டங்களில் பிரமாதமான வேலை. அதே குளவி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் திணறியது. அங்கே கோடையில் கடும் வெப்பம், குளிர்காலத்தில் கடும் குளிர். ஒரே பகை, ஒரே குளவி, ஒரே மரம். வித்தியாசம் தட்பவெப்பம் மட்டும்தான்.

டிபாக் இரண்டு வழியில் முயன்றார். ஒன்று, ஆய்வகத்தில் வெப்பத்திலும் குளிரிலும் பிழைத்தவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, தாங்கும் சக்தி உள்ள வம்சத்தை உருவாக்குவது. இன்னொன்று, ஏற்கனவே வெயிலில் வாழப் பழகிய இனத்தையே தேடிப் போவது. இரண்டாவது வழி முந்திக்கொண்டது. 1956-57இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மெலினஸ் என்ற அஃபைட்டிஸ் இனம் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தது. சில வருடங்களில் உள்நாட்டுத் தோட்டங்கள் முழுக்க அதன் கையில். சீனக் குளவி கடலோரத்துக்கு ஒதுங்கியது. முதல் வழியின் ஆய்வு முடிவுகள் 1970இல் வெளியானபோது இடம் ஏற்கனவே நிரம்பியிருந்தது.

நம்மூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்த கதை 1990களில்தான் தொடங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம் :-)

தென்னையும் மார்ச் மாதமும்

இனி கேரளத்துக்கு வருவோம். காயலோரத் தென்னந்தோப்புகளில் கோடையில் சில சமயம் கீழ் மட்டைகள் தீயில் கருகிய மாதிரி தெரியும். அது வெயிலால் அல்ல. கருந்தலைப் புழு. ஓலையின் அடிப்பக்கம் தன் கழிவையும் நூலையும் சேர்த்துக் குகை மாதிரி கட்டிக்கொண்டு, உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். கோடையில் பெருகும். பருவமழை வந்தால் தணியும்.

அறுபது எழுபது அடி உயர மரத்தில் குகைக்குள் இருக்கும் புழுவை மருந்தடித்துப் பிடிப்பது கஷ்டம். அதனால் சுதந்திரத்துக்கு முன்பே மேற்குக் கரையில் ஒட்டுண்ணிகளை வளர்த்து விடும் வேலை தொடங்கிவிட்டது. கேரள வேளாண் துறை ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையங்களையே வைத்து நடத்தியது. காயங்குளத்தில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இதில் நீண்ட காலம் வேலை செய்திருக்கிறது.

இதில் முக்கியமான ஆள் கோனியோசஸ் என்ற சின்னக் கருங்குளவி. புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் வளரும் வரை தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். பூச்சி உலகத்தில் இது அபூர்வம்.

சிக்கல் என்னவென்றால், புழு பெருகுவது கோடையில். ஆகவே குளவியை விட வேண்டியதும் கோடையில். அதற்கு வேலை இருக்கும் காலமும் அதற்கு வெயில் ஆகாத காலமும் ஒன்றாகவே வந்துவிடுகிறது. விடுவதற்கு முன் தேன் ஊட்டுங்கள், புழுவின் வாசனையைப் பழக்குங்கள், வெயில் ஏறுவதற்கு முன்போ சாய்ந்த பிறகோ விடுங்கள் என்றெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் சொன்னதற்கு அர்த்தம் இருக்கிறது. களத்தில் இறங்கும் ஊழியருக்கு நல்ல சாப்பாடு, பயிற்சி, நிழல் நேரம். எந்த நிர்வாகத்துக்கும் புரிய வேண்டிய விஷயம்தானே!

வெயில் என்னதான் செய்கிறது?

நமக்கு உடம்பு சூடானால் வேர்க்கும். குளவிக்கு அந்த வசதி இல்லை. வெளியே எவ்வளவு சூடோ, சீக்கிரமே உள்ளேயும் அவ்வளவு சூடு. அரை மில்லிமீட்டர் உடம்பு காய எவ்வளவு நேரம் ஆகும்?

சாவதற்கு முன்பே பல சேதங்கள் நடந்துவிடுகின்றன. ஆராய்ச்சியாளர்கள் சொல்வதை என் பாஷையில் தொகுக்கிறேன்.

முதலாவது, ஆயுள் குறைகிறது. சில நாட்களே வாழும் குளவிக்கு ஒரு நாள் குறைந்தாலும் அது ஒட்டிப் பிடிக்கும் முட்டைகளின் எண்ணிக்கை கணிசமாக விழுகிறது.

இரண்டாவது, ஆண் குளவிகள் மலடாகின்றன. கூட்டுப்புழு நிலையில் கடும் வெப்பம் பட்டால் ஆணுக்கு விந்தணு குறைந்துவிடுகிறது. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், பெண்ணோடு சேரவும் சேரும். குளவி இனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். அப்பன் மலடானால் பிறப்பதெல்லாம் ஆண். பூச்சியைத் தேடிப் போய் முட்டையிடுவது பெண் மட்டும்தான். ஆக, தோட்டத்தில் குளவி பறக்கும், வேலை நடக்காது. அடுத்த தலைமுறையோடு கணக்கு முடிந்துவிடும்.

மூன்றாவது, கூட்டாளி போய்விடுகிறான். சில குளவி வம்சங்களில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உடம்புக்குள் இருந்து, ஆணே இல்லாமல் பெண்களையே பிறக்க வைக்கும். டிரைக்கோகிரம்மாவின் சில வம்சங்கள் அப்படி. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வளர்த்தால் அந்த பாக்டீரியா அழிந்து, மறுபடி ஆண்கள் பிறக்கத் தொடங்குகின்றன.

நாலாவதுதான் முக்கியம். பெரும்பாலான ஆய்வுகளில், குளவி தாங்கும் வெப்பத்தின் எல்லை அதன் இரை தாங்கும் எல்லையை விடக் கீழே இருக்கிறது. அதாவது ஒரே வெப்ப அலையில் போலீஸ் முதலில் மயங்கி விழுகிறார். திருடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

பெங்களூரில் வளர்த்த வைராக்கியம்

டிரைக்கோகிரம்மா என்றேன். அதுதான் நம் நாட்டில் அதிகம் புழங்கும் முட்டை ஒட்டுண்ணி. நெல் அந்துப்பூச்சியை உடைத்த தானியத்தில் வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதில் இந்தக் குளவியை விடுவார்கள். ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள் கருத்துவிடும். ஒரு சிசி அட்டையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள். அட்டையைத் துண்டாக வெட்டிக் கரும்புத் தோகையிலோ நெற்பயிரிலோ கட்டிவிட்டால் குளவிகள் வெளிவந்து தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப் புழு இவற்றின் முட்டைகளைத் தேடிப் போகும்.

இதில் ஒரு பழைய பிரச்சினை. விவசாயி ஒரு பக்கம் அட்டை கட்டுவார், மறு பக்கம் மருந்தடிப்பார். குளவி செத்துவிடும். பெங்களூரில் இருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் (பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு இன்று வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனம்) இதற்கு ஒரு வழி கண்டது. எண்டோசல்ஃபான் மருந்தைத் தாங்கும் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கியது. அதற்கு வைத்த பெயர் எண்டோகிராம்.

பெயரைக் கேட்டதும் கேரளத்தில் இருக்கும் யாருக்கும் நெஞ்சில் ஒன்று உறுத்தும். காசர்கோட்டு முந்திரித் தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் தெளித்த அதே எண்டோசல்ஃபான். அங்கே பிறந்த குழந்தைகளின் படங்களை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதைத் தடை செய்தது. குளவியைப் பழக்கிவிட்டோம். மனிதக் குழந்தையைப் பழக்க முடியவில்லை.

அதே பெங்களூர் ஆய்வகத்தில் அதே குளவியில் அதிக வெப்பம் தாங்கும் வம்சத்தையும் உருவாக்கினார்கள். கலிபோர்னியாவில் டிபாக் முயன்ற முதல் வழிதான் இது. ஆனால் மருந்துக்கும் வெயிலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மருந்தை நீதிமன்றம் தடை செய்யலாம். வெயிலுக்கு எந்தக் கோர்ட்டில் போய் மனு போடுவது?

குச்சிக்கிழங்கு: திருவனந்தபுரத்திலிருந்து சேலம் வரை

இனி என் சொந்தக் கதைக்குப் பக்கத்தில் வருகிறேன். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பியவர் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த ஊர் ஜனங்களைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். அதே போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதால் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே உருவான எச்-165, எச்-226 ரகங்கள் சேலம், நாமக்கல் பக்கம் ஏக்கர் ஏக்கராக நிற்கின்றன. நான் இந்த ஊருக்கு வருவதற்கு ரொம்ப முன்பே இந்த ஊர்க் குச்சி எங்கள் ஊருக்குப் போய்விட்டது.

இந்தக் கிழங்குக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு. மரவள்ளி மாவுப்பூச்சி. தென் அமெரிக்காவில் பிறந்து 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றுப் பக்கம் இறங்கியது. கிழங்கே சோறாக இருந்த கோடிக்கணக்கான மக்களின் வயிற்றில் அடித்தது. நைஜீரியாவின் இபாடான் நகரில் இருந்த சர்வதேச ஆய்வு நிலையத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி எதிரியைத் தேடினார். இங்கேயும் முதலில் வேறு இனம்தான் கையில் சிக்கியது. கடைசியில் 1981இல் பராகுவேயில் உண்மையான மாவுப்பூச்சியும் அதன் எதிரியான அனாகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தன. அதே வருடம் நைஜீரியாவில் குளவியை விட்டார்கள். பிறகு ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் முழுக்க அது பரவியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு.

2008இல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தது. அடுத்த வருடமே குளவி ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அங்கே போனது. 2020 ஏப்ரலில், நாம் எல்லோரும் ஊரடங்கில் உட்கார்ந்திருந்தபோது, திருச்சூரில் இந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து சேலம், நாமக்கல், தருமபுரி. குருத்து சுருங்கிக் கொத்தாகி, செடி குட்டையாகி நிற்கும். ஊரிலிருந்து போட்டோ வரும், "என்ன தம்பி செய்யறது, நீ கேரளாவுலதான இருக்க, அங்க என்ன அடிக்கறாங்க?" என்று கேள்வியும் கூடவே வரும். 2021 ஆகஸ்டில் பெங்களூர் நிறுவனம் பெனினிலிருந்து குளவியை வரவழைத்தது. 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதல் முறையாக வெளியே விட்டார்கள்.

இதற்கு முன்னால் 2008இல் கோயம்புத்தூரில் இறங்கிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் வந்த குளவிகள் ஒரு வருடத்துக்குள் அடக்கியிருந்தன. மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எல்லாம் அதில் தப்பித்தன. அந்த அனுபவம் இருந்ததால்தான் மரவள்ளிக்காரர்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஆப்பிரிக்க அனுபவத்தில் நம் ஊருக்குப் பாடமாக ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான வயல்களில் இந்தக் குளவி ஜெயித்தது. ஜெயிக்காத இடங்கள் எவை என்று பார்த்தால், சத்தில்லாத மணல் நிலம், மூடாக்கு இல்லாத வெற்று மண். காரணம் சுவாரசியமானது. மண் காய்ந்தால் செடி நோஞ்சான். செடி நோஞ்சானானால் மாவுப்பூச்சியும் சின்னதாகிறது. தாய்க் குளவி கெட்டிக்காரி. பெரிய மாவுப்பூச்சி கிடைத்தால் பெண் முட்டை இடும், சின்னது கிடைத்தால் ஆண் முட்டை இடும். ஆக, காய்ந்த வயலில் பிறப்பதெல்லாம் ஆண். மறுபடி அதே கணக்கு! வெயில் நேராகக் குளவியைத் தொடாமலேயே, மண் வழியாகவும் செடி வழியாகவும் சுற்றி வந்து அதன் வம்சத்தை நிறுத்திவிடுகிறது. மண்ணுக்கு மூடாக்குப் போட்டு எரு கொடுத்த வயல்களில் நிலைமை மேம்பட்டது.

பற்று வரவில் வராத கணக்கு

எங்கள் பெரியப்பா மகன் ஆத்தூர் பக்கம் கரும்பு போடுகிறார். ஒரு கோடையில் டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கி, பைக் டேங்க் மேல் இருக்கும் பையில் வைத்து, நடுவில் சந்தை, டீக்கடை எல்லாம் முடித்து, மதியம் வயலுக்குப் போய்க் கட்டியிருக்கிறார். அப்புறம் என்னிடம் போனில் சொன்னார்: "தம்பி, அது குளவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அட்டையில கருப்பு மணல ஒட்டிக் குடுக்கறாங்க. இனிமே மருந்துதான்."

"அண்ணா, டேங்க் மேல மதிய வெயில்ல கைய வெச்சுப் பாருங்க, உங்களுக்கே பொறுக்குமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அதை அட்டை குடுக்கறவன் சொல்லணும்ல?" என்றார். நியாயமான கேள்வி.

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். பூச்சி மருந்து வேலை செய்யவில்லை என்றால் விவசாயி இன்னொரு மருந்து வாங்குகிறார். குளவி வேலை செய்யவில்லை என்றால் குளவி என்ற யோசனையையே கைவிடுகிறார். வெயிலில் செத்ததை மோசடி என்று எழுதிக்கொள்கிறார். பிறகு மருந்து அடிக்கிறார். அது வயலில் மிச்சம் இருக்கும் குளவிகளையும் கொல்லும். அடுத்த கோடையில் பூச்சிக்குத் தடையே இல்லை.

எங்கள் தொழிலும் இதற்குத் துணை போகிறது. பயிர்க்கடன் மதிப்பீட்டில் மருந்துச் செலவு ஒரு வரியாக வரும். ரசீது இருக்கும். குளவிக்கு ரசீது இல்லை. அது சேமித்துக் கொடுத்த பணம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. வராமல் போன நஷ்டத்தை எழுத பி.காம். பாடத்தில் எங்களுக்குப் பத்தி எதுவும் சொல்லித் தரவில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரிக்கு மேல் போனது. வானிலைத் துறை கேரளத்தில் வெப்ப அலை என்று அறிவித்தது. கடலும் காயலும் சூழ்ந்த ஊர், வெப்ப அலை என்பது வடக்கே உள்ள சமாச்சாரம் என்று நினைத்திருந்தவர்கள் நாங்கள் எல்லோரும். அந்த வாரம் பள்ளி நேரம், கட்டட வேலை நேரம் எல்லாவற்றையும் பற்றி எச்சரிக்கை வந்தது. வயலில் வேலை பார்க்கும் குளவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டியதும் அவற்றைப் பற்றித்தான். ஏனென்றால் அந்த ஒரு வாரத்தின் விலை மூன்று மாதம் கழித்து விளைச்சலில் தெரியும். அப்போது அதை வெயிலோடு யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

செய்யக்கூடியவை எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. அட்டையை ஈரத்துணி சுற்றிய மண் சட்டியிலோ, குளிர்ப்பெட்டியிலோ கொண்டு போவது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அல்லது மாலையில், இலைக்கு அடியில் நிழலில் கட்டுவது. வெப்ப அலை எச்சரிக்கை வந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவது. வரப்பில் தட்டைப்பயறு மாதிரி பூக்கும் செடி நாலு வைத்தால் குளவிக்குத் தேனும் நிழலும் கிடைக்கும். மரவள்ளிக்கு மூடாக்கு. ஆய்வகங்கள் வெப்பம் தாங்கும் வம்சங்களை ஆராய்ச்சிக் கட்டுரையோடு நிறுத்தாமல் அட்டையில் ஏற்றி வயலுக்கு அனுப்புவது.

அண்ணனிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "மண் சட்டி சரி, தட்டைப்பயறும் சரி. அடுத்த பருவம் ஒரு ஏக்கர்ல மட்டும் பார்க்கறேன். மத்த ரெண்டு ஏக்கருக்கு மருந்துதான்" என்றிருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு. வங்கிக்காரன் கண்ணுக்கு இது மோசமான தொடக்கம் இல்லை. கரும்பு வெட்டியதும் இரண்டு கணக்கையும் வாங்கி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் அட்டை கட்டியவர்கள், மரவள்ளியில் குளவி விட்டவர்கள் யாராவது இருந்தால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எந்த மாதம், எந்த நேரம், மூடாக்கு இருந்ததா என்ற விவரத்தோடு சொன்னால் ரொம்ப உபயோகமாக இருக்கும்.